‘மரத்தடியில் உலாவப் போனாள்’: குஜராத்திக் கிராமத்துக் கதைகளில் கழிப்பறை இல்லாத பெண்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குஜராத்திச் சிறுகதைகளை மொழிபெயர்ப்பில் படிப்பவர்களும், அவற்றைத் தமிழுக்குக் கொண்டுவரத் தொடங்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி சொல்லவில்லை. நடுவிலிருந்து தொடங்குபவர்கள் மேலே போய்ப் பார்த்துக்கொள்ளவும்.

கழிப்பறை இல்லாத கஷ்டத்தைப் பத்திக் கதை இருக்குன்னு சொல்றீங்க. படிச்சா அந்த வார்த்தையே எங்கேயும் வரலையே?

வராது. வீட்டில் இல்லாத பொருளுக்குப் பேச்சில் பெயர் எதற்கு? ‘ஜாஜரூ’ என்பது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ‘ஜா-ஏ-ஜரூர்’, அதாவது அவசியமான இடம். ‘சண்டாஸ்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் நகரத்துச் சொற்களாகவே நெடுங்காலம் இருந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூட குஜராத் கிராமங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டில்தான் வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது.

ஆகவே பொருளைத் தேடாதீர்கள். நேரத்தையும் தூரத்தையும் துணையையும் தேடுங்கள். ஒரு பெண் இருட்டோடு எழுந்து இன்னொருத்தியின் கதவைத் தட்டுகிறாள், சேலைத் தலைப்புக்குள் எதையோ மறைத்து எடுத்துப் போகிறாள், புகுந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறாள் என்றால் அது இந்த விஷயம்தான்.

“அவள் மரத்தடியில் உலாவப் போனாள்”னு ஒரு மொழிபெயர்ப்புல இருந்தது. ராத்திரி நாலு மணிக்கு எதுக்கு உலாவணும்?

மூலத்தில் ‘ஜாடே ஃபர்வா கயீ’ என்று இருந்திருக்கும். ‘ஜாட்’ என்றால் மரம், ‘ஜாடோ’ என்றால் மலம். வேற்றுமை உருபு ஏறியதும் இரண்டுமே ‘ஜாடே’ ஆகிவிடும். ‘ஃபர்வு’ என்றால் சுற்றுவது, உலாவுவது. அகராதியை மட்டும் நம்பியவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். வெளிக்குப் போனாள் என்பதுதான் அர்த்தம்.

இதே காரியத்துக்கு வேறு வழக்குகளும் உண்டு: ‘லோட்டே ஜவு’ (சொம்போடு போவது), ‘களசியே ஜவு’, ‘திசாயே ஜவு’ (திசை பார்த்துப் போவது), ‘ஜங்கல் ஜவு’, ‘கர்ச்சு ஜவு’. கடைசிச் சொல்லைச் ‘செலவுக்குப் போனாள்’ என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ‘ஏகீ’, ‘பேகீ’ என்பார்கள். ஒற்றை விரலைக் காட்டினால் சிறுநீர், இரண்டு விரல் என்றால் மற்றது. ‘ஹாஜத்’ என்பது கொஞ்சம் மரியாதையான, எழுத்து நடைச் சொல்.

லோட்டாவும் களசியோவும் ஒண்ணுதானா? எதுக்கு அதை மறைக்கணும்?

லோட்டா நம் சொம்பு. களசியோ அதைவிடச் சிறிய, கழுத்துள்ள செம்பு. வெளிக்கென்று ஒரு பாத்திரத்தைத் தனியாக வைத்திருப்பார்கள். அது பெரும்பாலும் நெளிந்துபோன பழைய ஏனமாக இருக்கும், குடிதண்ணீர்ப் பானையின் பக்கம் போகாது. பின்னால் வந்த கதைகளில் பிளாஸ்டிக் டப்பாவோ எண்ணெய் டின்னோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கதை எந்தப் பத்தாண்டில் நடக்கிறது என்பதை இதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம்.

கையில் சொம்பு இருந்தால் போகிற இடம் ஊருக்கே தெரியும். ஆண் அதைக் கையில் ஆட்டிக்கொண்டு போவான், வழியில் நின்று பேசவும் செய்வான். பெண் தலைப்புக்குள் வைத்துக்கொள்வாள். ஒரே தெருவில் ஒரே சொம்பை இரண்டு பேரிடம் கொடுத்துக் காட்டிவிட்டால் எழுத்தாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. சின்ன உத்திதான், ஆனால் கூர்மையானது.

எப்பவும் விடியறதுக்கு முன்னாடியே போறாங்களே, அது ஒரு பழக்கமா?

கட்டாயம். குஜராத்தியில் விடியலுக்குப் பல படிகள் உண்டு. ‘மளஸ்கு’ என்பது நன்றாக இருட்டாக இருக்கும் பின்னிரவு. ‘பரோட்’ விடியல். நடுவில் ‘மோம்சூஜணு’ என்று ஒரு சொல்: முகம் புலப்படத் தொடங்கும் வேளை. பெண்களுக்கு அதுதான் கெடு. எதிரே வருபவர் யார் என்று தெரியத் தொடங்குவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அந்தச் சொல்லை வெறுமனே ‘அதிகாலை’ என்று போட்டால் அந்தக் கெடு காணாமல் போய்விடும். ‘முகம் தெரிவதற்குள்’ என்று எழுதினால் அது நிற்கும்.

சாயங்காலத்தில் இன்னொரு வாய்ப்பு ‘தீவாடாணு’. இது நம் ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்பதற்கு அச்சாகப் பொருந்தும். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். வெயில் காலத்தில் அந்தப் பகல் இன்னும் நீளம். முழு நிலவு நாளில் இருட்டுக்கூட உதவாது. ‘பூனம்’, அதாவது பௌர்ணமி வர்ணனையை அழகுக்காக எழுதியது என்று தாண்டிப் போய்விடாமல், அன்று அந்தப் பெண்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள்.

பகல்ல அவசரம் வந்தா என்ன பண்ணுவாங்க?

அடக்குவார்கள். அடக்க வேண்டிவரும் என்று தெரிந்து முன்கூட்டியே தண்ணீரைக் குறைப்பார்கள், ராத்திரி அரை வயிறு சாப்பிடுவார்கள். தண்ணீர் குறைந்து, சிறுநீரும் மணிக்கணக்கில் தேங்கினால் சிறுநீர்த் தொற்று வரும். மலச்சிக்கல் கூடவே வரும். கர்ப்பிணிக்கு அடிக்கடி முட்டும். மழைக்காலத்து வயிற்றுப்போக்கு கெடுவையெல்லாம் பார்க்காது. கதையில் மருமகள் ‘காரணமில்லாமல்’ சோர்ந்து கிடந்தாலோ, ‘பசிக்கவில்லை’ என்று தட்டை நகர்த்தினாலோ அதை மனச்சோர்வு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

பாதர், பாகோள், சீம், வகடோ… எல்லாத்துக்கும் ‘ஊர் எல்லை’ன்னு போட்டா போதாதா?

போதாது. ஒவ்வொன்றிலும் தூரமும் கண்களும் வேறு. ‘பாதர்’ ஊர் வாயிலை ஒட்டிய திறந்தவெளி. மாடு கூடும், பேருந்து நிற்கும், ஆள் நடமாட்டம் ஓயாது. சரோதர் பக்கம் (கேடா, ஆணந்த் மாவட்டங்கள்) அதையே ‘பாகோள்’ என்பார்கள். ‘சீம்’ ஊருக்குச் சொந்தமான வயல்வெளி முழுவதும். அங்கே போவதென்றால் யாரோ ஒருவருடைய நிலத்துக்குள் போகிறாள் என்று பொருள். ‘வகடோ’ ஆளில்லாத காட்டுவெளி. ‘உகர்டோ’ எருக்குழி. கிழவிகளும் குழந்தைகளும் தூரம் போக முடியாமல் அங்கே ஒதுங்குவார்கள். ‘வாடோ’ வீட்டின் கொல்லைப்புறம்.

போகும் வழியும் முக்கியம். ‘சோரோ’ என்கிற ஊர்ச்சாவடியில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சௌராஷ்டிரப் பக்கத்துப் பெரிய வீடுகளில் ‘டேலி’ எனப்படும் வாயில்கட்டிலும் அப்படியே. ‘ஓட்லோ’ நம் திண்ணையேதான். இவற்றைத் தாண்டாமல் பாதருக்குப் போக முடியாது.

பயிர் பேரையெல்லாம் இவ்வளவு விவரமா ஏன் எழுதறாங்க?

மறைவு பயிரில்தான் இருக்கிறது. கம்பு ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆனால் மழைக்காலப் பயிர். அறுவடை முடிந்ததும் வெளி மொட்டையாகிவிடும். வட குஜராத்தில் ஆமணக்கு பின்பனி வரை நிற்கும், நல்ல மறைவு. பருத்தி மார்பளவு. சரோதரின் பீடிப்புகையிலை தாழ்வான பயிர், இடைவெளி விட்டு நடுவார்கள். உட்கார்ந்தாலும் தலை தெரியும். ‘புகையிலை வயல் பக்கம் போனாள்’ என்றால் வேறு இடமில்லாமல் போனாள் என்று படிக்க வேண்டும்.

பயிர் இல்லாத காலத்துக்கு ‘காண்டோ பாவள்’ இருக்கிறது. பெயருக்குப் ‘பைத்தியக்காரக் கருவேலம்’ என்று பொருள். நம்மூர்ச் சீமைக்கருவேலமேதான், அதனால் தமிழ் வாசகருக்கு அந்த முள்ளை விளக்க வேண்டியதில்லை. வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். கரிமூட்டம் போடுகிறவர்கள் அதை வெட்டி எடுத்த வாரத்தில் பெண்களுக்கு இன்னும் அரை மைல் நடை கூடும். ஊர் ஆண்களுக்கு அது புதர் ஒழிந்த நல்ல செய்தி.

மருமகளுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டமா? மகளுக்கு இல்லையா?

மகளுக்கும் உண்டு, அளவு வேறு. பிறந்த ஊரில் பெண் ‘தீக்ரி’. முக்காடு இல்லை, வழி தெரியும், சாவடியில் இருப்பவர்கள் சித்தப்பா பெரியப்பாமார். புகுந்த ஊரில் அவள் ‘வஹு’. மாமனார், மூத்த மைத்துனர் முன்னால் ‘லாஜ்’ போட வேண்டும், அதாவது தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு, கையில் சொம்பை ஒளித்துக்கொண்டு, தெரியாத ஊரின் இருட்டில், முள் பார்த்து நடக்க வேண்டும். கல்யாணமான முதல் வாரத்து விடியற்காலை எழுத்தாளர்களை இழுப்பதற்கு இதுவே காரணம். நாத்தனார் துணைக்கு வருகிறாளா, மாமியார் எழுப்புகிறாளா, யாருமே எழுப்பவில்லையா என்பதில் அந்த வீட்டின் உறவு முழுவதும் தெரிந்துவிடும்.

கூட்டமாப் போறதைச் சில கதைகள்ல சந்தோஷமாக் காட்டறாங்க. இது கஷ்டத்தை அழகுபடுத்தற வேலை இல்லையா?

பாதி நியாயமான சந்தேகம். மாமியார் காதுக்கு எட்டாமல் மருமகள்கள் நாலு வார்த்தை பேசிக்கொள்ளக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான் என்பது உண்மை. கிணற்றடியில்கூட யாராவது பார்ப்பார்கள். அந்தப் பேச்சை எழுதுவது அழகுபடுத்தல் ஆகாது. பேச்சை வைத்துவிட்டு முள், பாம்பு, மாதவிடாய் நாள், வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டால் அப்போது ஆகும். எங்கள் அனுபவ விதி எளிது: அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது சிரிக்காமல் இருக்கிறாளா என்று பாருங்கள்.

பழைய கிராமத்துக் கதைகள்ல இது ஏன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை? பன்னாலால் பட்டேலுக்குக் கிராமம் தெரியாதா?

தெரியாமல் என்ன! பன்னாலால் (1912–1989), ஈஸ்வர் பேட்லீகர் போன்றவர்கள் கிராமத்துக்குள்ளிருந்தே எழுத வந்தவர்கள். ஆனால் எந்த வீட்டிலும் இல்லாத ஒன்று குறையாகத் தெரிவதில்லை. பெண்கள் கூடும் இடமாக இலக்கியம் அப்போது தேர்ந்தெடுத்தது ‘பன்கட்’ எனும் நீர்த்துறையை. தண்ணீர்க் குடத்துக்குப் பாட்டு உண்டு, சொம்புக்கு இல்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காந்தியவாதிகள் துப்புரவைப் பற்றி நிறையவே எழுதினார்கள், வேலையும் செய்தார்கள். 1960களில் சாபர்மதி ஆசிரம வளாகத்தில் ஈஸ்வர்பாய் பட்டேல் நடத்திய ‘சஃபாய் வித்யாலய’ கழிப்பறைத் தொழில்நுட்பத்தையே பாடமாக்கியது. அந்த எழுத்து கட்டுரையாகவும் பிரசுரமாகவும் வந்தது, கதைக்குள் அதிகம் இறங்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் சுரேஷ் ஜோஷி கொண்டுவந்த நவீனத்துவம் ‘கட்னாலோப்’ என்று, கதையிலிருந்து நிகழ்ச்சியையே கரைக்கச் சொன்னது. கிராமமே பின்னுக்குப் போயிற்று. 1980களுக்குப் பிறகு தலித் எழுத்தும், பெண் எழுத்தும், வட்டார வழக்கோடு கிராமத்துக்குத் திரும்பிய தலைமுறையும் சேர்ந்துதான் உடம்பின் தேவைகளைக் கதைக்குள் கொண்டுவந்தன.

தலித் கதைகள்ல இது வேற மாதிரி வருதே, ஏன்?

நிலம் யாருடையது என்பதால். மேலே சொன்ன ‘சீம்’ நினைவிருக்கட்டும். பட்டேல் வீட்டுப் பெண் தன் குடும்ப வயலுக்குப் போகலாம். நிலமில்லாத வணகர் (நெசவாளர்) பெண்ணோ அடுத்தவர் வயலில்தான் ஒதுங்க வேண்டும். சொந்தக்காரர் திட்டலாம், விரட்டலாம், மிரட்டிப் பணியவைக்கலாம். அவளுடைய ‘வாஸ்’, அதாவது சேரி, ஊரின் ஓரத்தில் இருக்கிறது. தூரம் குறைவு என்று தோன்றும். ஆனால் பல இடங்களில் மொத்த ஊரும் ஒதுங்குகிற வெளி அந்த வாஸை ஒட்டித்தான் இருக்கும். ஊரின் நாற்றமும் ஈயும் அவள் வீட்டு வாசலில்.

இன்னொரு கதை வகையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நகரங்களிலும் பெரிய ஊர்களிலும் ‘டப்பா ஜாஜரூ’ எனும் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதை அள்ளும் வேலை வால்மீகி சமூகத்துப் பெண்கள் மேல் விழுந்தது. 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள். அந்தக் கதைகளில் ஒரு பெண்ணின் கழிப்பறை வசதி இன்னொரு பெண்ணின் தலைச்சுமை. இந்த இரண்டையும் ஒரே தொகுப்பில் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது.

கதையில எப்பவும் அந்த நேரத்துலதான் அவளைத் தாக்கறாங்க. இது தேய்ஞ்சுபோன உத்தி இல்லையா?

ஆபத்து நிஜம், உத்தி தேய்ந்ததும் நிஜம். இருட்டு, தனிமை, போகும் வழியும் நேரமும் ஊருக்கே தெரிந்திருப்பது: தாக்க நினைப்பவனுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் தாக்குதல் நடந்தால்தான் கதை என்று ஆகிவிட்டால், தினமும் பத்திரமாகத் திரும்பி வருகிற மற்ற பெண்களுக்குக் குறையே இல்லை என்றாகிவிடுகிறது. எங்களுக்குப் பிடித்தவை ஒன்றும் நடக்காத கதைகள்: தூரத்தில் ஒரு பீடி நெருப்பு, எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்ற யோசனை, அவ்வளவு.

மாதவிடாயை எப்படிச் சொல்றாங்க?

‘சேட்டே பேஸ்வு’, தள்ளி உட்கார்வது. நம் ‘வீட்டுக்குத் தூரம்’ அப்படியே பொருந்தும், தயங்காமல் போடலாம். துணியை எங்கே அலசுவது, எங்கே உலர்த்துவது என்ற இடம் கதையில் வந்தால் கவனியுங்கள். வேறு துணிக்கு அடியில், வெயில் படாமல் உலர்த்துவார்கள்.

அரசாங்கம் கழிப்பறை கட்டிக் கொடுத்தாச்சே. இனிமே இந்தக் கதைகள் பழங்கதைதானே?

2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை. 2017 அக்டோபர் 2க்குள் குஜராத்தின் மாவட்டங்கள் எல்லாமே திறந்தவெளிக் கழிப்பு அற்றவை என்று மாநில அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, எட்டு மாவட்டங்களில் சோதித்த 120 ஊராட்சிகளில் 29 சதவீத வீடுகளுக்குக் கழிப்பறை இல்லை என்றது. அறிவிப்புப் பலகைக்கும் அதற்குப் பின்னால் ஒதுங்கும் பெண்ணுக்கும் நடுவேதான் புதுக் கதைகளின் இடம்.

கழிப்பறை கட்டியதும் கண்ணீர் துடைத்து முடிகிற பிரசாரக் கதைகளும் உண்டு. அவற்றில் கழிப்பறை கதாநாயகன். மாமியார் திருந்துவாள், ஊர்த்தலைவர் பேசுவார். எடுத்துக்கொண்ட விஷயம் நல்லது, கதை மோசம்.

கட்டின கழிப்பறையில விறகும் வறட்டியும் அடுக்கி வச்சிருக்கறதா எழுதறாங்க. மிகைதானே?

மிகையில்லை. அது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் கதையும் பிடிபடும். கிராமத்துக்குச் சொன்னது இரட்டைக் குழி முறை: ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் ஆழமும் உள்ள இரண்டு குழிகள், இடையில் ஒரு மீட்டர். சுவரில் செங்கலை இடைவெளி விட்டுத் தேன்கூடு போல அடுக்க வேண்டும், அடியில் பூச்சு கூடாது, நீர் மண்ணில் இறங்க வேண்டும். ஒரு சின்னத் தொட்டி கழிவை ஒரு நேரத்தில் ஒரு குழிக்கு மட்டும் விடும். அது நிரம்பியதும் மறுகுழிக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு மூடி வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகும். உட்காரும் பீங்கானின் உட்புறம் செங்குத்தாகச் சரிந்திருக்கும், நாற்றத்தைத் தடுக்கத் தேங்கி நிற்கும் நீரடைப்பு 20 மில்லிமீட்டர், ஒன்றரை இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும்.

கெடுவது இப்படி: கடையில் கிடைத்த நகரத்துப் பீங்கானை வைப்பார்கள், அதற்குப் பல மடங்கு தண்ணீர் வேண்டும், அடைத்துக்கொள்ளும். இரண்டு குழிக்குப் பதில் ஒன்று மட்டும் தோண்டுவார்கள். சுற்றிலும் பூசிவிடுவார்கள், மழையில் நிரம்பி மேலே வரும். நீர்மட்டம் உயர்ந்த உப்புமண் பகுதியில் குழியைத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டாவிட்டால் அதே கதி. குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற சாதிப் பயம் வேறு. ‘நிரம்பிவிடும், மிச்சம் பிடி’ என்று ஆண்கள் வெளியே போவார்கள். கடைசியில் கதவுள்ள, கூரையுள்ள ஒரு சின்ன அறை சும்மா இருக்கிறது. மழைக்காலத்தில் விறகு நனையக் கூடாது.

ஒரு கதையில பெண்ணே கழிப்பறை வேண்டாம்னு சொல்றா. எழுத்தாளர் யார் பக்கம்?

தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். ஆறு பேர் வீடு. வெளியே போனால் ஆளுக்கு ஒரு சொம்பு, மொத்தம் ஆறு லிட்டர். உள்ளே போனால் ஊற்ற இரண்டு, கழுவ ஒன்று, ஆளுக்கு மூன்று என்றால் பதினெட்டு லிட்டர். சிறுநீருக்கும் தரை கழுவவும் தனி. ஒரு பெரிய குடத்துக்கு மேல் கூடுதல் சுமை, தினமும். சுமப்பது யார்? குழாய் இல்லாத ஊரில் அவள் ‘வேண்டாம்’ என்பது அறியாமை ஆகாது.

இடமும் சேர்ந்துகொள்ளும். கழிப்பறையை வாசல் பக்கம், ஓட்லோவுக்கு எதிரே கட்டினால் மாமனார் கண் முன்னால் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். லாஜ் பற்றி மேலே சொன்னதை அங்கே வைத்துப் பாருங்கள். இருட்டில் அரை மைல் நடப்பது மேல் என்று ஒருத்தி நினைத்தால் வியப்பில்லை.

கச்சின் சிறிய ரண் பகுதியில நடக்கற கதைகளுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதிகூடப் பொருந்தாது. உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் மழை ஓய்ந்ததிலிருந்து கோடை முடிவு வரை, ஏறக்குறைய எட்டு மாதம், ரண் எனும் உப்பு வெளிக்குள்ளேயே குடிசை போட்டு இருப்பார்கள். அங்கே பயிர் இல்லை, புதர் இல்லை, சுவர் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை தட்டையான வெடித்த தரை. குடிதண்ணீர் லாரியில் வரும், அளந்துதான் செலவு. காலில் உப்புநீர் ஊறிய வெடிப்பு. அங்கே மறைவு என்பது தூரம் ஒன்றுதான்: ஆள் புள்ளியாகத் தெரிகிற வரை நடப்பது. ‘புள்ளி’ என்று வந்தால் அதை உவமையாகப் படிக்காதீர்கள்.

சரி, தமிழ்ல எந்த வழக்கைப் போடறது? கொல்லைக்கா, காட்டுக்கா, வெளிக்கா?

சோதனைக்கு நாங்களே அமைத்த ஒரு வாக்கியம்: ‘மோம்சூஜணு தாய் தே பஹேலாம் வஹு ஜாடே ஃபரி ஆவி.’ சொல்லுக்குச் சொல் போட்டால் ‘அதிகாலை ஆவதற்கு முன் மருமகள் மரத்தில் உலாவி வந்தாள்’. நாங்கள் போடுவது: ‘முகம் தெரிவதற்குள் மருமகள் வெளிக்குப் போய்வந்துவிட்டாள்.’ ‘காட்டுக்கு’ என்பது மேட்டு நிலப் பகுதிக் கதைக்குப் பொருந்தும். வகடோ என்று மூலத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ‘கம்மாக்கரைக்கு’ வேண்டாம், அது வாசகரை நேரே ராமநாதபுரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

‘கொல்லைக்கு’ என்பதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் வாசகர் வீட்டுப் பின்கட்டைத் தாண்டிப் பத்தடி நடப்பதாக நினைத்துக்கொள்வார். அது ‘வாடோ’. அவள் போனது சாவடியைக் கடந்து, பாதரைக் கடந்து, ஆமணக்கு வயலின் மறுகரைக்கு.